இரட்சிப்பு சும்மா கிடைக்குமா? கிருபை பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போதகர் இல்லை. பரந்தன் பக்கத்துச் சிறிய சபையொன்றில் ஞாயிறு பின்னேரம் பெரியவர்களுக்கு வேதப்பாட வகுப்பு எடுக்கிறேன். மற்ற நாட்களில் கமம். வகுப்பில் எழும்பி நின்று கேட்ட கேள்விகளும் இங்கே இருக்கின்றன, வகுப்பு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது மெல்லக் கேட்ட கேள்விகளும் இருக்கின்றன. பின்னவைதான் கடினம். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலேயே தருகிறேன். எங்கள் ஆட்களுக்கு அதுதான் மனப்பாடம்.

கிருபை, அருள், இரட்சிப்பு, மீட்பு என்று ஆளுக்கொரு சொல் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றா?

கிருபையும் அருளும் ஒன்று. இரட்சிப்பும் மீட்பும் ஒன்று. கத்தோலிக்கச் சகோதரர்கள் அருள், மீட்பு என்பார்கள். எங்கள் பக்கம் கிருபை, இரட்சிப்பு. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் கிருபைக்கு உள்ள சொல் 'காரிஸ்'. தகுதி பார்க்காமல் காட்டுகிற தயவு என்று பொருள்.

அப்போஸ்தலர் பவுல் ரோமர் 6:23இல் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்: "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்." அங்கே சம்பளம் என்று வருவது படைவீரனுக்கு அளக்கிற படிக்காசைக் குறிக்கும் சொல். உழைத்ததற்குக் கிடைப்பது ஒன்று, கொடுப்பவரின் மனதிலிருந்து வருவது மற்றது. சாவைத்தான் நாங்கள் உழைத்துச் சம்பாதித்தோம் என்கிறார். வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

எனக்குப் பிடித்த சொல் மீட்பு. வன்னியில் அதற்கு விளக்கம் தேவையில்லை. பெரும்போக விதைப்புக்குக் காசில்லாமல் மனைவியின் சங்கிலியை அடைவு வைக்கிறோம், அருவி வெட்டி நெல் விற்றதும் போய் மீட்கிறோம். அடைவில் கிடக்கிற சங்கிலி தானாக எழும்பி வீட்டுக்கு வராது. வட்டி கட்டவும் அதற்குத் தெரியாது. உடையவர் வந்து முழுக் காசையும் கட்ட வேண்டும். அவர் ஏன் வருகிறார்? அது அவருடையது. பெட்டிக்குள் கிடந்து கறுத்துப் போயிருந்தாலும் அவருடையது.

"அப்ப கடவுள் யாரிட்டக் காசு கட்டினவர், பிசாசிட்டயா?" என்று ஒரு தம்பி கேட்டார். இது பழைய கேள்வி. பிசாசுக்கே கொடுக்கப்பட்டது என்று ஆதிச் சபையில் சிலர் போதித்தார்கள். நாலாம் நூற்றாண்டில் நசியான்சு ஊர்க் கிரகோரியார் அதைக் கோபத்தோடு மறுத்தார். கள்ளனுக்குக் கடவுள் கூலி கொடுப்பதா என்பது அவருடைய நியாயம். உவமையை அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். அடைவுக் கடைக்காரரைத் தேடிப் போக வேண்டாம்.

தேவனுடைய ஈவு, அதாவது கொடை, என்கிறீர்கள். நிவாரணம் மாதிரியா?

கேட்டவர் பகிடியாகக் கேட்கவில்லை. எங்களுக்குச் 'சும்மா கிடைப்பது' என்றால் முதலில் நினைவுக்கு வருவது நிவாரணம்தானே. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குள் வந்த நாளில் தொடங்கி, செட்டிகுளத்து முகாம்கள், மீள்குடியேற்றம், இப்போதைய அஸ்வெசும உதவிப்பணம் வரைக்கும் எத்தனை வரிசை, எத்தனை படிவம். கிராம சேவையாளரின் கையெழுத்து, குடும்ப அட்டையின் பிரதி, பெயர் விடுபட்டால் மேன்முறையீடு. பொதியை வாங்கும்போது பின்னால் பதாகை கட்டிப் படமும் எடுப்பார்கள். தலையைக் குனிந்தால் "நிமிர்ந்து பாருங்கோ அம்மா" என்பார்கள்.

வீட்டுத்திட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். நல்ல உதவி, நானும் நன்றி மறக்கவில்லை. ஆனால் புள்ளி போட்டுத்தான் ஆளைத் தெரிந்தார்கள், காசும் கட்டங்கட்டமாகத்தான் வந்தது. அத்திவாரம் முடிந்ததா, வந்து பார்ப்பார்கள். சுவர் எழும்பியதா, பார்ப்பார்கள். பிறகுதான் அடுத்த பகுதி. பொதுக் காசைக் கொடுப்பவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். அதில் பிழை சொல்ல மாட்டேன்.

கேடு என்னவென்றால், கனபேர் கடவுளையும் அப்படியே நினைத்து வைத்திருக்கிறார்கள். அத்திவாரம் போட்டுக் காட்டினால் அடுத்த கட்டக் கிருபை வருமாம். ஒரு மாதம் குடிக்காமல் இருந்தால், உபவாசம் எடுத்தால், ஞாயிறு தவறாமல் வந்தால். எபேசியர் 2:8-9 இதற்கு நேரே நிற்கிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." இரட்சிக்கப்பட்டீர்கள். முடிந்த காரியமாகச் சொல்லியிருக்கிறது. மேற்பார்வைக்கு ஆள் வரும் என்று சொல்லவில்லை.

நிவாரணத்தை விடக் கிட்ட வருகிற ஒன்று எங்களிடம் உண்டு. 2009இல், போரின் கடைசி மாதங்களில், அரிசியும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. பாத்திரத்தோடு யார் வந்தாலும் ஊற்றினார்கள். எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று எனக்கு முன்னால் நின்ற எவரையும் கேட்டதாக நினைவில்லை. பாத்திரம் இல்லாதவருக்குச் சிரட்டையில் கொடுத்தார்கள். ஈவு என்ற சொல்லை வாசிக்கும்போது எனக்கு அந்தச் சிரட்டைதான் வருகிறது.

சும்மா கிடைத்தால் அதற்கு என்ன மதிப்பு?

வாங்குகிறவருக்குச் சும்மா. கொடுத்தவருக்கு அப்படியில்லை.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் போன, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற கடன்காரருக்குப் பயந்து பின்பக்கத்தால் போய் ஒளித்த பெண்களை எனக்குத் தெரியும். அந்தக் கடன் காற்றில் கரையவில்லை. திறைசேரி அதைப் பொறுப்பெடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கடன் மன்னிப்பிலும் யாரோ ஒருவர் அந்தத் தொகையைத் தன் தலையில் ஏற்றுகிறார். சிலுவை அப்படிப்பட்ட இடம் என்பதே திருச்சபையின் சாட்சி. அதுவும் நாங்கள் திருந்திய பிறகு நடக்கவில்லை. "நாம் பாவிகளாயிருக்கையில்" என்று ரோமர் 5:8 காலத்தையும் குறித்து வைத்திருக்கிறது.

அப்ப நான் நல்லவனாக இருந்து என்ன பிரயோசனம்?

ரோமர் 6ஆம் அதிகாரம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. பவுலிடமும் கேட்டிருக்கிறார்கள் போல.

யாத்திராகமத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். பத்துக் கட்டளை 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. செங்கடலைக் கடந்தது 14ஆம் அதிகாரத்தில். கட்டளையைக் கைக்கொண்டு காட்டுங்கள், பிறகு எகிப்திலிருந்து வெளியே எடுக்கிறேன் என்று கர்த்தர் சொல்லவில்லை. முதலில் வெளியே எடுத்தார். பிறகுதான், உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து புறப்படப்பண்ணினவர் நானே என்று தொடங்கி, எப்படி வாழ்வது என்று சொல்லிக் கொடுத்தார். எபேசியரிலும் 2:9இல் "கிரியைகளினால் உண்டானதல்ல" என்று வந்த கையோடு 2:10இல் நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று வருகிறது. கிரியை வேர் இல்லை, காய். காய்க்காத மரத்தைப் பற்றி யாக்கோபு எழுதியதையும் மறைக்கத் தேவையில்லை: விசுவாசம் கிரியைகளில்லாதிருந்தால் செத்தது.

ஆயுள் முழுக்கக் கெட்டவனாக இருந்தவன் சாகிற நேரம் மனந்திரும்பினால் அவனுக்கும் அதே இரட்சிப்பா? இது நியாயமா?

நியாயமில்லை. அதனால்தான் அதற்குக் கிருபை என்று பெயர்.

மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்டக் கூலிக்காரரின் உவமையை நான் கரடிப்போக்குச் சந்தியில் வைத்துச் சொல்வேன். விடிய ஆறு மணிக்கு ஒருவர் உழவு மெசினில் வந்து கொஞ்சப் பேரை வயல் வேலைக்கு ஏற்றுகிறார், நாள் கூலி பேசி. ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு மறுபடியும் வருகிறார். பின்னேரம் ஐந்து மணிக்கும் சிலர் சந்தியில் நிற்கிறார்கள். வேதத்தில் பதினோராம் மணிவேளை என்று வருவது அந்த நேரம்தான். ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஒரே கூலி.

ஒவ்வொரு முறையும் வகுப்பில் சண்டை வரும். "உந்த முதலாளி பிழை. நாளைக்கு ஆர் விடியக் காத்தாலை வருவான்?" என்று ஒரு அக்கா சொன்னார். பொருளாதாரமாகப் பார்த்தால் அவர் சொன்னது முழுச் சரி.

பிறகு, ஐந்து மணி வரை சந்தியில் நின்ற அனுபவம் யாருக்கு இருக்கிறது என்று கேட்டேன். வயது போன ஐயா ஒருவர் கையைத் தூக்கினார். "வேலை செய்யிறது லேசு தம்பி. நிண்டு கொண்டிருக்கிறதுதான் கஷ்டம். பொழுதுபடப் பொழுதுபட வீட்டில என்னத்தைச் சொல்லுறது எண்டு மனம் யோசிக்கும்." நான் பல வருடம் வாசித்தும் காணாததை அவர் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டார். உவமையிலும் அவர்கள் சொல்வது அதுதானே: ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று இயேசு சொல்லவில்லை. நாங்கள்தான் சொல்கிறோம்.

சிலுவையில் தொங்கிய கள்ளன் பதினோராம் மணிக்காரன். அவனுக்கு ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, திருத்தி வாழ்ந்து காட்ட ஒரு நாளும் இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை மட்டும் இருந்தது.

நேர்த்தி வைப்பது பிழையா?

மடுமாதாவிடம் நேர்த்தி வைத்து நடந்து போகிற குடும்பங்கள் எங்கள் அயலில் உண்டு. வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசிப் பொங்கலில் நேர்த்தி தீர்க்கிற சைவக் குடும்பங்களும் உண்டு. என் சபையில் நேர்த்தி வைக்கும் வழக்கமில்லை, ஆனால் மற்றவரின் கண்ணீரை அளக்க நான் யார்?

ஒன்று மட்டும் சொல்வேன். நன்றியாகச் செய்வது வேறு, பேரமாகச் செய்வது வேறு. "நீர் இதைத் தந்தால் நான் அதைத் தருவேன்" என்பது பேரம். நேர்த்தி என்ற வழக்கமே இல்லாத எங்கள் ஆட்களும் உபவாச ஜெபத்தில் வேறு வார்த்தைகளில் இதே பேரத்தைத்தான் பேசுகிறோம். ஆகவே யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

காணிக்கையை விதைத்தால் ஆசீர்வாதம் பல மடங்காக வரும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள்.

கையில் இருக்கிற காசை மடித்துப் பைக்குள் வையுங்கள். 2 இராஜாக்கள் 5இல் சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்க வேண்டி வந்தபோது பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் பொன்னும் பத்து மாற்றுவஸ்திரங்களும் கொண்டு வந்தான். சுகமானான். அவனைச் சுகமாக்கிய தீர்க்கதரிசி எலிசா ஒன்றையும் தொடவில்லை. பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்தும் இரண்டு வஸ்திரமும் வாங்கியவன் அவருடைய வேலைக்காரன் கேயாசி. நாகமானின் குஷ்டம் அவனைப் பிடித்தது. அப்போஸ்தலர் 8இல் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் தேவனுடைய வரத்தை வாங்கக் காசு நீட்டியபோது, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது என்றார் பேதுரு. இதைவிடக் கடுமையாக நான் சொல்லத் தேவையில்லை.

காணிக்கை கொடுங்கள், கூரைத் தகடும் வாங்க வேண்டும், மின்சாரக் கட்டணமும் கட்ட வேண்டும். கடவுளுக்குக் கடன் கொடுப்பதாக நினைத்துக் கொடுக்காதீர்கள்.

கத்தோலிக்கரும் நாங்களும் இதில் ஒரே கருத்தா?

முன்னர் இல்லை. 1517இல் மார்ட்டின் லூதர் கிளப்பிய சண்டையின் நடுவில் இருந்த கேள்வி இதுதான். 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் வத்திக்கானும் லுத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. எங்களிடமுள்ள எந்த நன்மைக்காகவும் இல்லாமல், கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் எங்களை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு பக்கமும் சேர்ந்து சொல்கிற பத்திரம் அது. 2006இல் மெதடிஸ்தரும் இணைந்தார்கள். வேறுபாடுகள் இன்னும் உண்டு, ஆனால் செத்தவீட்டுப் பந்தலில் நின்று சண்டை பிடிக்கிற அளவுக்கு இல்லை.

சைவ அயலவரும் அருள் என்றுதானே சொல்கிறார்கள்?

ஆம். 'அவனருளாலே அவன்தாள் வணங்கி' என்று பாடுகிறவருக்கு, கும்பிடுவதற்கே கடவுளின் தயவு வேண்டும் என்று நான் படிப்பிக்கத் தேவையில்லை. தமிழுக்கு இந்தச் சொல் எங்களுக்கு முன்பே தெரியும். நாங்கள் கூடச் சொல்வது ஒரு பெயரும் ஒரு சம்பவமும்: இயேசு, அவருடைய சிலுவையும் உயிர்த்தெழுதலும்.

ஜெபம் பண்ணினேன், ஒன்றும் உணரவில்லை. எனக்குக் கிடைக்கவில்லையா?

காணி உறுதி உங்கள் பெயரில் இருந்தால், காய்ச்சலில் படுத்திருக்கிற நாளிலும் காணி உங்களுடையது. 1 யோவான் 3:20ஐ வாசியுங்கள். எங்கள் இருதயமே எங்களைக் குற்றவாளியாக்கினாலும் தேவன் இருதயத்திலும் பெரியவர் என்று அங்கே இருக்கிறது. நித்திரை வராத இரவுகள் தொடர்ந்தால் வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்கும் போங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

"கர்த்தருடைய கிருபையால் ஷெல்லுக்குத் தப்பினேன்" என்று சாட்சி சொல்கிறார்கள். அப்ப என்ரை பிள்ளைக்குக் கிருபை இல்லையா?

இதை ஒரு தாய் கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் சொல்லாமல் கூட நடந்தேன். அவர் வீட்டுப் படலை வந்ததும் "சரி தம்பி" என்று உள்ளே போய்விட்டார். பிறகு யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

சாட்சியில் எப்போதும் வருகிற வசனம் புலம்பல் 3:22: "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே." தப்பியவர் நிம்மதிப் பெருமூச்சோடு சொன்னதைப் போல அதை வாசிக்கிறோம். அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தால் தொண்டை அடைக்கும். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டு அழித்த பிறகு எழுந்த அழுகை அது. இரண்டாம் அதிகாரத்தில் பிள்ளைகள் தாய்மாரின் மடியில் பசியால் உயிரை விடுகிறார்கள். நாலாம் அதிகாரத்தில் வருவதை நான் வகுப்பில் சத்தமாக வாசிப்பதில்லை. அந்த இடிபாட்டின் நடுவில் இருந்து, செத்தவர்களை மறக்காமல், வந்த வசனம் அது. நான் தப்பினேன், மற்றவன் தப்பவில்லை என்று கணக்குப் பார்க்கிறவருக்கு அது உரியதில்லை.

லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் மற்றவர்களை விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அல்லவென்று சொல்கிறேன் என்கிறார். உயிர் தப்பியது ஒன்று, இரட்சிப்பு வேறொன்று. முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்கு வெளியே வந்தவர்களுக்கு மட்டும் ஈவு, உள்ளே மூடப்பட்டவர்களுக்கு இல்லை என்றால், பவுல் பட்டயமும் நாசமோசமும் கிறிஸ்துவின் அன்பை விட்டு எங்களைப் பிரிக்காது என்று ரோமர் 8இல் எழுதியது பொய்யாகிவிடும். பவுலே பட்டயத்தால் செத்தார் என்பது சபையின் பழைய நம்பிக்கை.

ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். தப்பியதற்கு நன்றி சொல்லுங்கள், தாராளமாக. பக்கத்துக் கதிரையில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களுக்கு அநியாயம் செய்தவனுக்கும் மன்னிப்பு இலவசமா?

கடவுளிடம் அவன் போனால், ஆம். எனக்கும் இது கசக்கிறது.

ஆனால் கிருபை என்ற சொல்லை எடுத்து, பிள்ளையைத் தேடுகிற தாயின் வாயை மூடுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட உட்கார்ந்தார்கள். "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்ய எனக்கு அதிகாரமில்லை. அண்ணனால் கொல்லப்பட்ட ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்று சொன்னவர் கர்த்தர். அந்தச் சத்தத்தை அடக்கச் சொன்னவர் அவரில்லை. மனந்திரும்புதல் இல்லாமல் மன்னிப்பைப் பிரசங்கிப்பதை ஜேர்மனியப் போதகர் டீட்ரிக் பொன்ஹொஃபர் 'மலிவான கிருபை' என்றார். ஹிட்லரின் நாசி ஆட்சியினர் அவரை 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

லூக்கா 19இல் வரி வசூலிக்கிற சகேயுவின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். இயேசு அவனைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போகவில்லை, முதலில் போனார். அது கிருபை. சகேயுவோ எழும்பி நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். இழந்தவனின் கணக்கு அந்த வீட்டில் மறக்கப்படவில்லை. எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைத்திருக்கிறேன் என்றும் சொல்லாமல், கிருபை பெற்றேன் என்கிறவனைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒன்றும் இல்லை.

சரி, இந்த ஈவைப் பெற என்ன செய்ய வேண்டும்? எங்கேயாவது பெயர் பதிய வேண்டுமா?

கையை நீட்டுங்கள். விசுவாசம் என்பது அவ்வளவுதான்: வெறுங்கை. "நான் பாவி, நீர் மீட்பர், என்னை ஏற்றுக்கொள்ளும்" என்று உங்கள் சொந்தப் பேச்சில், எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே சொல்லலாம். ஞானஸ்நானம், திருவிருந்து பற்றி உங்களுக்குக் கிட்ட உள்ள சபையில் கேளுங்கள். தனியே இருந்து கிறிஸ்தவனாக வாழ்வது கஷ்டம்.

எங்கள் வகுப்புக்கு வருவதற்கும் பதிவு இல்லை. ஞாயிறு பின்னேரம் நாலு மணி. கதிரை பதினெட்டுத்தான் இருக்கிறது, பிந்தி வருகிறவர்களுக்குப் பாய் விரித்திருக்கும். தேத்தண்ணி எல்லோருக்கும்.